மாப்பிள்ளையை நகல் எடுத்தவர்

எங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்துக்கு நான்தான் ஆள். அதனால் ஒவ்வொரு பெரிய குத்துச்சண்டைக்கு முன்பும் 'யார் ஜெயிப்பார்?' என்று அரைப் பக்கம் எழுதும் தலைவலியும் என் தலையில்தான் விழும். எனக்குக் குத்துச்சண்டை தெரியும் என்று ஆசிரியர் நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜெராக்ஸின் வீடு எங்கே இருக்கிறது என்பதுதான்.

ஜெராக்ஸ் என்பது பட்டப்பெயர். நாற்பது வயது, கட்டை குட்டையான உடம்பு. பகலில் பீரோ கடையில் சுமை வேலை. இரும்பு பீரோவை முதுகில் சாய்த்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிற ஆள். காலையிலும் மாலையிலும் அவருக்கு இன்னொரு தொழில் இருந்தது. ஒரு குத்துச்சண்டைக்காரனுக்கு அடுத்த சண்டை யாரோடு என்று முடிவானதும், இவர் அந்த எதிராளியாக மாறி, பயிற்சியில் அவன் முன்னால் போய் நிற்பார். எதிராளி எப்படி மூச்சு விடுவான், களைத்தால் எந்தக் காலை இழுப்பான், பலமாக அடி வாங்கியதும் வலிக்காத மாதிரி எப்படிச் சிரிப்பான், எல்லாம் அச்சு அசலாக வரும். சண்டைக்குப் போகிறவன் அந்தச் சண்டையை ஏற்கெனவே பலமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரிங்கில் ஏறுவான்.

சொந்தமாகச் சண்டை போட்ட காலத்தில் இவர் தோற்றதுதான் அதிகம். "எனக்குன்னு ஒரு ஸ்டைல் இருந்தாத்தானே சார் ஜெயிக்கறதுக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை.

இந்த முறை சண்டை குட்டிக்கும் பெரியவருக்கும். குட்டி என்று பெயர்தானே தவிர, பையன் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். இருபத்திரண்டு வயது, ஏறிய சண்டையெல்லாம் வெற்றி. பெரியவருக்கு முப்பத்தெட்டு. அந்த வயதில் ஒருவனைப் பெரியவர் என்று கூப்பிடும் கொடுமை இந்தத் தொழிலில் மட்டும்தான் உண்டு. ஒரு காலத்தில் சாம்பியன். கடைசி இரண்டு சண்டைகளில் ஒன்று தோல்வி, மற்றது தோல்வியைவிட மோசமான வெற்றி.

பெரியவர் ஜெராக்ஸின் தங்கை வீட்டுக்காரர். குட்டியின் கோச், பெரியவராக நின்று பயிற்சி கொடுக்க ஜெராக்ஸைக் கூப்பிட்டபோது, இவர் தயங்கிக்கொண்டே போய் மாப்பிள்ளையிடம் அனுமதி கேட்டிருக்கிறார். "தாராளமா போ மச்சான். வேற எவனாவது என்னை மாதிரி செஞ்சா கேவலமா இருக்கும். நீ செஞ்சா கொஞ்சம் அழகாவாவது இருப்பேன்" என்றாராம் பெரியவர்.

நான் பயிற்சியைப் பார்க்கப் போனது ஒரு சனிக்கிழமை மாலை. பழைய பேட்டரி கிடங்குக்கு மேலே தகரக் கூரை போட்ட நீளமான அறை. கயிறுகளில் கறுப்பு டேப் சுற்றிய ரிங், உள்ளே நுழைந்ததும் முகத்தில் அடிக்கும் வியர்வை வாடை. குட்டியின் கோச் மூலையில் கைகட்டி நின்றிருந்தார். அதிகம் பேசாத மனிதர்.

ஜெராக்ஸ் ரிங்கில் ஏறினார். ஏறியதும் அங்கே பெரியவர் நின்றார். முகவாய் இடது தோளில் ஒட்டியிருந்தது. முகம் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. நீட்டிய இடது கை குட்டியின் கிளவுஸை ஓயாமல் தொட்டுத் தொட்டு வந்தது. பெரியவரின் அந்தக் கையைப் பற்றி நாங்கள் எல்லோருமே எழுதியிருக்கிறோம். 'எதிராளியை அளந்து பார்க்கும் அனுபவசாலியின் கை' என்று போன வருஷம் நானே ஒரு வாக்கியம் எழுதி, நன்றாக வந்திருக்கிறது என்று என்னையே மெச்சிக்கொண்டேன். குட்டியால் அந்தக் கையைத் தாண்டி உள்ளே நுழைய முடியவில்லை. முன்னால் வந்தால் தொடுகிறது, விலகினால் திருப்புகிறது. பையன் எரிச்சலில் காற்றைக் குத்திக்கொண்டிருந்தான். பெரியவருக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று நான் மனசுக்குள் தலைப்பு எழுதிவிட்டேன்.

மணி அடித்தது. இருவரும் நின்றார்கள். ஜெராக்ஸ் இன்னும் பெரியவராகவே நின்றுகொண்டிருந்தார். கோச் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவருடைய இடது பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் வீசினார். துண்டு அவர் காதோரம் பட்டுக் கீழே விழுந்தது. ஜெராக்ஸ் திரும்பவே இல்லை.

"பாக்கலையா?" என்றார் கோச்.

"பாத்தேன் சார்" என்றார் ஜெராக்ஸ். "ஆனா மாப்ள பாத்திருக்க மாட்டாப்ல."

அதைப் பெருமையாகத்தான் சொன்னார். வேலையைச் சுத்தமாகச் செய்கிறவனின் பெருமை. சொன்ன பிறகுதான் அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகம் வெளிறிவிட்டது. மாப்பிள்ளையின் ஒவ்வொரு அசைவையும் உடம்பில் ஏற்றிக்கொண்ட மனிதர், மாப்பிள்ளை ஏன் அப்படி நிற்கிறார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நகல் எடுக்கிற மெஷின் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று படிப்பதில்லை.

கோச் குனிந்து துண்டை எடுத்து மடித்தார். "குட்டி, இனிமே வலது கையை வெளியிலேர்ந்து சுத்திப் போடு. அது ஒண்ணைப் பழகு, போதும்" என்றார். யார் ஜெயிப்பார் என்ற என் கேள்விக்கு அதற்கு மேல் பதில் தேவைப்படவில்லை.

ஜெராக்ஸ் கோச்சிடம் கெஞ்சினார். கையைப் பிடித்துக்கொண்டு, "சார், அது என் தங்கச்சி வாழ்க்கை சார்" என்றார். கோச் கையை உதறவில்லை. "எங்க அடிக்கணும்னு பையனுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்குத்தான் நான் இருக்கேன். தெரிஞ்சும் சொல்லாம விட்டா, நாளைக்கு இவன் அடிபட்டுக் கிடந்தா யாருக்குப் பதில் சொல்றது?" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

கீழே படிக்கட்டில் கையில் சுற்றிய துணிக்கட்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்துவிட்டார் ஜெராக்ஸ். குத்துச்சண்டைச் சங்கத்தில் சொல்லிவிடலாமே என்றேன். "சொல்லலாம் சார். லைசென்ஸைப் புடுங்கி, கண்ணு தெரியாதவன்னு எழுதி ஒட்டிடுவாங்க. அதை நானா செய்யணும்?" என்றார். பிறகு எழுந்தார். "கூட வாங்க சார். தனியா போனா எனக்கு வாயே வராது."

பெரியவரின் வீடு ஒரு பட்டறைக்குப் பின்னால், இரண்டு அறைகள். தங்கை கதவைத் திறந்தாள். உள்ளே போனதும் ஜெராக்ஸ் நின்றுவிட்டார். அந்த வீட்டு பீரோவை அவர்தான் தன் முதுகில் சுமந்துவந்து, வாசலுக்கு இடது கைப் பக்கம் வைத்திருந்தார். இப்போது அது வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் முழுக்க வெறும் சுவர். ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது.

"பீரோவை எப்பம்மா மாத்தின?"

"போன வருஷம்" என்று சொல்லிவிட்டு அவள் தையல் மெஷின் இருந்த உள் அறைக்குப் போய்விட்டாள்.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். "வாய்யா மச்சான். என்னை ஒழுங்கா செய்யறியா? இந்தத் தொப்பையெல்லாம் என்னுதுன்னு சொல்லிடாதே" என்றார்.

"மாப்ள, இடது கண்ணு எப்பலேர்ந்து?"

உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. பெரியவர் ஊசியைச் செருப்பிலேயே குத்தி வைத்தார்.

"கோச்சுக்குத் தெரியுமா?"

"என் வாயால வந்துடுச்சு மாப்ள."

"அடப்பாவி" என்று சிரித்தார் பெரியவர். "டாக்டர் கண்டுபிடிக்கல, ரெஃப்ரி கண்டுபிடிக்கல. இந்த சார் அந்தக் கையைப் புகழ்ந்து எழுதினாரு. கடைசியில சொந்தக்காரன் கிட்டேர்ந்துதான் வந்திருக்கு பாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நிறுத்திடு மாப்ள. அவன் அந்தப் பக்கமாத்தான் வருவான். இருக்கற கண்ணும் போயிடும்."

"ரிங்குல தோத்தா, வயசாயிடுச்சும்பாங்க. சரி, ஆயிடுச்சு. கண்ணுக்காக நிறுத்தினா நாளைலேர்ந்து நான் குருடன். ரோட்டைத் தாண்டறப்ப எவனாவது வந்து கையைப் புடிப்பான். பாவம்பான். எனக்கு அது வேணாம்." குரல் உயரவில்லை. எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தார். "விடு அதை. குட்டி எப்படி வர்றான்? செஞ்சு காட்டு."

ஜெராக்ஸ் மறுத்தார். பெரியவர் விடவில்லை, எழுந்து வெறுங்காலோடு கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே நின்று கைகளைத் தூக்கினார். வேறு வழியில்லாமல் ஜெராக்ஸ் எதிரே நின்றார். தோள் தளர்ந்தது, கழுத்து நீண்டது. அந்தக் கட்டை குட்டையான உடம்பில் குட்டி வந்துவிட்டான். இடது கையால் மெதுவாக ஒன்று, இன்னொன்று போட்டார். பெரியவர் இரண்டையும் சுலபமாகத் தட்டிவிட்டார். "நல்லாத்தான் வர்றான் பையன்" என்றார் சந்தோஷமாக. 

அப்போது ஜெராக்ஸின் வலது கை வெளியே சுற்றி வந்து, பெரியவரின் இடது கன்னத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு விரல் இடைவெளி. பெரியவரின் இமை அசையவில்லை. அவர் நேராக மச்சானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நின்னுட்டே? அடுத்ததைப் போடு மச்சான்."

தைத்துக்கொண்டிருந்த துணியோடு தங்கை உள் அறை வாசலுக்கு வந்திருந்தாள். அந்தக் கை எங்கே நிற்கிறது என்பதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். பார்க்காதவர் அந்த அறையில் ஒருவர்தான்.

"போடுங்கறேன்ல!"

ஜெராக்ஸ் கையைக் கீழே இறக்கினார். முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, பீரோ தூக்குகிற பலம் முழுவதையும் சேர்த்து, பெரியவரின் இடது விலாவில் குத்தினார். இத்தனை வருஷத்தில் பயிற்சியில் நின்று யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்ட மனிதர் அவர். ரிங் ஓரத்தில் உட்கார்ந்து விலா முறியும் சத்தத்தை நான் கேட்டதில்லை. அங்கே கூட்டத்தின் இரைச்சலில் அமுங்கிவிடும். அந்த அறையில் நன்றாகக் கேட்டது.

பெரியவர் மடங்கிக் கட்டில் விளிம்பில் சரிந்தார். வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. ஜெராக்ஸ் அவர் காலடியில் உட்கார்ந்து, "விலாதான் மாப்ள, விலாதான். அது கூடிடும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தங்கைதான் தெருவுக்கு ஓடி வண்டி பிடித்து வந்தாள்.

இரண்டு விலா எலும்புகள் முறிந்திருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சண்டையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெளியே நடையில் ஜெராக்ஸ் வீங்கிய வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். தங்கை நேராக அவரிடம் வந்தாள். அறையப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அந்தக் கையை இழுத்துக் குழாய்த் தண்ணீரில் பிடித்தாள். பிறகு கைக்குட்டையால் கட்டிவிட்டாள்.

"இதைப் போன வருஷமே நீ செஞ்சிருக்கக் கூடாதாண்ணா?" என்றாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது. அங்கே நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

'பயிற்சியின்போது ஏற்பட்ட காயம் காரணமாக' என்று நான் எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. குட்டி வேறு ஒருவனோடு மோதி இரண்டாவது ரவுண்டிலேயே ஜெயித்தான். கண் விஷயத்தைக் கோச் யாரிடமும் சொல்லவில்லை. இனி அவருக்கு அதனால் என்ன பயன்? பெரியவரின் விலா கூடிவிட்டது. ஆனால் அடுத்த சண்டை என்று அவரை யாரும் கூப்பிடவில்லை. ஊருக்கு அவர் காயத்தால் ஒதுங்கிய பழைய சாம்பியன், அவ்வளவுதான். ரோட்டில் அவர் கையை இதுவரை யாரும் பிடிக்கவில்லை. ஜெராக்ஸ் அதற்குப் பிறகு யார் மாதிரியும் நிற்கவில்லை. கோச்சுகள் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். பீரோ கடையோடு சரி என்று சொல்லிவிட்டார்.

விடுமுறை நாளில் தவறாமல் தங்கை வீட்டுக்குப் போகிறார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். தன்னைப் பார்க்க வேண்டுமே என்று, பார்த்துப் பார்த்து மாப்பிள்ளையின் வலது கைப் பக்கமாகப் போய் உட்கார்ந்தார் ஜெராக்ஸ். பெரியவர் திட்டவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கி, மச்சான் தன் இடது பக்கம் வரும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.