அப்பாவுக்கு எந்த லினக்ஸ்?

அப்பா தினமும் பேப்பர் படிக்கும் லேப்டாப்பில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றார். கண் டாக்டரிடம் போகலாம் என்றால் வர மாட்டார். எந்த நோய்க்கும், லேப்டாப்பை இயக்கும் மென்பொருளை மாற்றி புதிதாக ஒரு லினக்ஸ் போடுவதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். ஜோகுபாளையம் வீட்டில் மூன்று பென்டிரைவ்களில் மூன்று வகை லினக்ஸோடு உட்கார்ந்தேன்.

முதலில் உபுண்டு. “படம் நல்லாருக்குடா. எழுத்துதான் காணோம்.”

அடுத்து மிண்ட். மெனு எளிது, யாருக்கும் சட்டென்று பழகிவிடும் என்று அளந்துவிட்டேன். “எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா? எழுத்தைப் பெருசாக்கு சாமி.”

பெரிதாக்கினேன். ஒரே ஒரு தலைப்புச் செய்தி திரையை அடைத்துக்கொண்டது. மூக்கு இடிக்கும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார். அப்போதும் படிக்கவில்லை.

ஃபெடோரா இருந்த பென்டிரைவைச் செருகி, லேப்டாப்பை மறுபடி கிளப்பினேன். வாயாடி மகன் அமைதியானது அவரை என்னவோ செய்திருக்க வேண்டும்.

“இது பரவால்லடா, தெளிவா இருக்கு. இதையே போட்டுடு. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்” என்றார், பாதிக் கன்னடத்தில்.

திரையில் இன்னும் எதுவும் வரவில்லை. வெறும் கறுப்பு.

லேப்டாப்பை மூடினேன். “சட்டை போட்டுக்கோப்பா, கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம்” என்றேன். அவர் மறுக்காமல் எழுந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.