மடுவுக்கு மேலே தோண்டிய குழி

குழி தோண்டிய அன்றைக்கு ஆற்றில் இருந்தவர்கள் நாலே பேர்: நான், என் வீட்டுக்காரர், மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர், அவரோடு வந்த பியூன்.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். கோடையில் ஆறு முழுக்க மணல்தான். ஒரே ஒரு மடுவில் தண்ணீர் நிற்கும். அக்கரைக் கோயிலுக்குச் சொந்தமான மடு. அதன் மீனை நூற்றிருபது ரூபாய்க்கு ஏலம் எடுத்திருந்தோம். பாதி கட்டியாயிற்று, மீதியை மீன் விற்றுக் கட்ட வேண்டும்.

அந்த வருஷம் மாடுகளுக்குக் கோமாரி. வாயில் நுரை, குளம்பில் புண். ஆற்றைத் தாண்டுகிற மாடெல்லாம் பினாயில் தண்ணீரில் கால் நனைத்துத்தான் போக வேண்டும் என்று கம்பவுண்டர் பாதையில் தொட்டி வைத்தார். சாயங்காலம் அந்தத் தண்ணீரை எங்கேயாவது கொட்ட வேண்டுமே.

"மடுவுல மட்டும் ஊத்தாதீங்க சார், புண்ணியமாப் போவும்" என்று சொல்லி, மடுவுக்கு மேல்பக்கம் மணலில் என் வீட்டுக்காரரே குழி தோண்டிக் கொடுத்தார்.

"மணலுக்குள்ள போனது எங்க போவும்?" என்றேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பயம் மட்டும் நிற்கவில்லை.

"ஊத்துத் தண்ணி குடிக்கிறியே, யாரு வடிகட்டிக் குடுத்தா? மணலு தானே?" என்றார் என் வீட்டுக்காரர்.

தெலுங்குக்காரக் கம்பவுண்டர் சிரித்தார். "ஏமம்மா, உன் நிழலைப் பாத்தாலே உனுக்கு பயமா?"

கோமாரி அடங்கும்வரை தினமும் அந்தக் குழியில்தான் கொட்டினார்கள். நான் தினமும் போய் மடுவை முகர்ந்து பார்த்தேன்.

"மோந்துக்கினே இரு, மீனு வெக்கப்பட்டு ஓடிடும்" என்பார் என் வீட்டுக்காரர்.

ஒரு விடியலில் கெண்டையெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெயில் ஏறுவதற்குள் விரால்களும் மல்லாந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் கூடையில் அள்ளினார்.

"இப்பவே சந்தைக்குப் போனா வித்துடலாம்."

ஒன்றை அறுத்துக் குழம்பு வைத்தேன். கொதிக்கும்போதே பினாயில் நாற்றம். புதைக்க வேண்டியதாயிற்று. மணலில் வேண்டாம் என்றேன். கூடையை மேட்டுக்குத் தூக்கிப் போனார்.

சித்தூர் மாட்டாஸ்பத்திரி ஆபீசுக்கு நஷ்டம் கேட்டு மனு எழுதிப் போட்டோம். ஆந்திராவுக்கும் மெட்ராஸ் ராஜ்யத்துக்கும் எல்லை முடிவாகட்டும் என்றார்கள். முடிவாயிற்று: வீடு ஆந்திராவில், கோயிலும் மடுவும் மெட்ராஸில். "மடு இங்க இல்லியே, அங்க போய்க் கேளுங்க" என்றார்கள் சித்தூரில். கோயில் கணக்கரோ, "நீங்க ஆந்திரா ஆயிட்டா பாக்கி கரைஞ்சிடுமா?" என்று கேட்டார்.

அந்தக் கோடை முழுக்க மடுவுக்குக் கீழேதான் ஊற்று தோண்டிக் குடித்தோம். அதைப் பற்றி மனுவில் எழுத யாருக்கும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். கோயில் ஆள் மட்டும் ஒவ்வொரு தையிலும் வருகிறார்.

பாக்கி அறுபது ரூபாய்.