உறுதியாகச் சொல்ல மறுத்தவர்

ரெஜினா மேடம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது எங்கள் கல்லூரிப் பேருந்து சுங்குவார்சத்திரம் நெரிசலில் நின்றிருந்தது. "மாரடைப்பு சார், காலைல வூட்லயே" என்றார் அலுவலகத்திலிருந்து அழைத்த செல்வி. இறங்கி அவர் வீட்டுக்கு ஓட நினைத்தேன், இறங்கவில்லை. கல்லூரிக்குப் போய் இரண்டு வகுப்புகள் எடுத்தேன். என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை.

ஒரகடத்துக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கல்லூரியில் அவரும் நானும் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தோம். அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய ஆராய்ச்சியும் தெரிந்திருக்கும்: ஓர் உயிரினக் கூட்டம் தற்செயலால் எப்படிப் பெருகுகிறது, எப்படி அற்றுப்போகிறது என்பது. "சராசரி பாத்தா பெருகுதுன்னுதான் சொல்லும் சார். ஆனா இருக்கிறதே நாலஞ்சு ஜோடின்னா, ரெண்டு கெட்ட வருஷம் போதும்" என்பார்.

அவருடைய ஊர் பிள்ளைப்பாக்கம். அந்தப் பக்கத்துக் குளம் ஒன்றில் தாழைக்கோழி என்னும் நீர்ப்பறவைகள் ஐந்து ஜோடி இருந்தன. ஞாயிறுதோறும் போய் எண்ணுவார். லாரிகள் நிறுத்த இடம் வேண்டும் என்று கரையில் அவை கூடு கட்டும் கோரைப்புதரை அழிக்கப்போவதாகத் தெரிந்ததும், ஊர்க் கூட்டத்தில் எழுந்து எதிர்த்தார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"புதர் போனா இதுங்க அழிஞ்சிடும்னு உறுதியா சொல்லுங்க மேடம், வேலைய நிறுத்திடறோம்" என்றார் லாரி நிறுத்தத் திட்டத்தின் பொறியாளர்.

கூட்டமே மேடத்தைப் பார்த்தது.

"வாய்ப்பு ரொம்ப அதிகம் சார். ஆனா உறுதின்னு சொன்னா அது பொய்."

அவருடைய அண்ணன் எழுந்து கத்தினார். "ஒரு வார்த்த சொல்லிட்டா இன்னா கொறஞ்சிடும் உனக்கு?"

நான் எழுந்து "அழிந்துவிடும்" என்று சொல்லியிருக்கலாம். நானும் கணித ஆசிரியன்தானே. சொல்லவில்லை. அடுத்த வாரமே பொக்லைன் வந்து புதரை வாரிப்போட்டது.

இரண்டு மழைக்காலம் கழித்து அந்தக் குளத்தில் ஒரு தாழைக்கோழிகூட இல்லை. "நீங்க சொன்னதே நடந்துடுச்சு" என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு தடவ நடந்தத வச்சு என் கணக்கு சரின்னு எப்படி சார் சொல்வீங்க? புதர் இருந்திருந்தாலும் போயிருக்கலாம்."

அப்போதுதான் கேட்டேன். "அன்னிக்குப் பொய் சொல்லியிருக்கலாம்னு எப்பவாவது தோணுமா மேடம்?"

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"தினமும்" என்றார்.

கல்லூரியின் இரங்கல் கூட்டத்தில் அவருடைய நேர்மையை எல்லோரும் பாராட்டினார்கள். அது அவருக்குச் சுலபமாக வந்ததுபோலப் பேசினார்கள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது 'தினமும்' என்ற அந்த ஒற்றைச் சொல்தான்.