வழக்கில் சேர்ந்த வியாகுல மாதா

எங்கள் தெருவில் வியாகுல மாதாவுக்கு ஒரு கூரைக்கோயில் இருந்தது. முழங்கால் உயர மரச் சுரூபம். நெஞ்சில் ஒரு தகர வாள். பங்குக் கோயிலுக்குப் புதுச் சுரூபம் வந்தபோது, வண்ணம் உரிந்த பழையதை அப்பா கேட்டு வாங்கி வந்தார். திருவிழாச் சப்பரம் ஊர்த்தெருவோடு திரும்பிவிடும். எங்கள் பக்கம் வராது. வாய்க்கால் கரையில் மண்சுவர் எழுப்பி, கீற்று வேய்ந்து, அதில் மாதாவை வைத்தார்.

தெரு முழுக்க மிராசுதாரின் மனை. குடியிருப்பவர்களுக்கே மனை சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டதும், அளக்க ஆள் வருமுன் கோயிலை அப்புறப்படுத்த நினைத்தார் அவர். காரியஸ்தர் வந்து, "வீட்டுக்குத்தான்டா பட்டா. சாமிக்கு யாரு குடுப்பா? நீங்களே பிரிச்சிடுங்க" என்றார்.

"எங்க கையால பிரிக்க மாட்டோங்க" என்றார் அப்பா.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. நானும் அம்மாவும் நடவில் இருந்தோம். டிராக்டர் சத்தம் தெருப்பக்கம் கேட்டதும் நாற்றுமுடியைப் போட்டுவிட்டு ஓடினோம். சுவர் சரிந்திருந்தது. அம்மா மாதாவைத் தூக்கி மடியில் வைத்துக் குனிந்துகொண்டாள். அவள் வலது கையில் மிராசுதாரின் ஆள் ஒருவனின் தடி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா மண்வெட்டிக் காம்போடு பாய்ந்தார்.

போலீஸ் வந்து அப்பாவையும் தெரு ஆட்கள் நான்கு பேரையும் பிடித்தது. சுரூபத்தையும் எடுத்துக்கொண்டார்கள். தகர வாளை உருவி, ஆயுதம் என்று எழுதினார் ஏட்டு.

"ஐயா, அது மாதா நெஞ்சுல இருக்கறதுங்க" என்றாள் அம்மா. அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஜாமீனில் வந்த அப்பாவால் நேராக நிற்க முடியவில்லை. நட்ட பயிர் கதிராவதற்குள் இறந்துபோனார். நெஞ்சுவலி என்று எழுதிக் கொடுத்தார்கள். சவப்பெட்டியை இடிந்த மேட்டில் இறக்கி வைத்து நாங்களே செபம் சொன்னோம்.

எங்கள் ஆட்கள் மேலும் அம்மாவை அடித்தவர்கள் மேலும் போட்ட வழக்கு ஆறு வருடம் இழுத்தது. கடைசியில் எல்லோரும் விடுதலை, அடித்தவர்கள் உட்பட. சுரூபத்தை வாங்க நானும் அம்மாவும் கோர்ட்டுக்குப் போனோம். கரையான் முகத்தைத் தின்றிருந்தது. வாளைக் கேட்டேன். "ஆயுதமெல்லாம் அழிச்சாச்சும்மா" என்றார் குமாஸ்தா.

பின்னாளில் மிராசுதாரின் மகன்கள் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனார்கள். வாய்க்கால் கரையை வாங்கியவன் எங்கள் தெருக்காரன். அப்பாவோடு உள்ளே இருந்தவரின் மகன். கோயில் இருந்த இடத்தை மட்டும் விடச் சொல்லி அம்மா கேட்டாள்.

"அங்க போர்வெல் போட்டுட்டேன் பெரியம்மா. இனிமே எப்படி விடறது?" என்றான், தரையைப் பார்த்தபடி.

அம்மா சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து, மடங்காத கையோடு அடுப்பை மூட்டினாள். அன்றைக்கு அவள் வழக்கமான செபமாலை சொல்லவில்லை. அதன்பிறகும் சொல்லி நான் கேட்டதில்லை.