காக்கைக்கு வைத்த சோறு

பூரணத்தின் பிழைப்பைக் கெடுப்பதற்காகத்தான் நான் அந்தக் காக்கைகளுக்குச் சோறு வைத்தேன். கலைக்காக அல்ல! காட்சி உருக்கமாக அமைய வேண்டும் என்பதற்காகவும் அல்ல. அவள் பாட்டு பாழாக வேண்டும், முதலாளி அவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும்... அதற்காகத்தான் வைத்தேன்.

நீங்கள் கேள்விப்பட்ட கதை வேறு. மயானக் காட்சிக்கு உயிருள்ள காக்கைகளை வரவழைத்த மூளைக்காரன் என்றுதான் உங்களுக்கு என்னைத் தெரியும். நானும் மறுத்ததில்லை. மாலை போட வந்தவர்களுக்குக் கழுத்தை நீட்டினேன். இன்று அதையெல்லாம் கழற்றி வைக்கிறேன். அதற்காக உங்கள் முன்னே தலைகுனிந்து நிற்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள்!

நான் கோச்சடைக்காரன். படம் பேசத் தொடங்குவதற்கு முன்னால் மதுரை நாடகக் கொட்டகைகளில் ஸ்திரீபார்ட் போட்டவன். ஆணாகப் பிறந்தவன்தான், ஆனால் அரிதாரம் பூசிச் சேலை கட்டிக்கொண்டு மேடையில் நின்றால், பெண்கள் பகுதியிலிருந்தே பொறாமைப் பெருமூச்சு கிளம்பும். நான் போட்ட கொண்டையை மறுநாள் சித்திரை வீதியில் நாலு பெண்கள் போட்டுக்கொண்டு போவார்கள். மிகையாகச் சொல்கிறேன் என்கிறீர்களா? சொல்லிக்கொள்ளுங்கள். உங்களிடம் நற்சான்று வாங்க நான் வரவில்லை.

என் பேரைச் சொன்ன வேடம் ஒன்று உண்டு. நாட்டை இழந்து, காட்டில் பிள்ளையையும் பறிகொடுத்து, மயானத்தில் தனியே புலம்பும் அரசி. நான் மார்பில் அடித்துக்கொண்டு சபையைப் பார்த்து ஓலமிட்டால் கொட்டகையே மூக்கைச் சிந்தும்.

சபையைப் பார்த்து... இதைக் கவனியுங்கள். எங்கள் தொழிலின் முதல் சட்டம் அதுதான். சபைக்கு முதுகைக் காட்டக் கூடாது. பிள்ளை செத்தாலும், புருஷன் செத்தாலும், முகம் சபைக்குத்தான். அந்தச் சட்டத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை.

பிறகு பேசும் படம் வந்தது. திருமங்கலத்தைத் தாண்டி, பொட்டலில் ஒரு முதலாளி படம் பிடிக்கக் கொட்டகை போட்டார். எங்கள் அரசி நாடகத்தையே படமாக்கப் போகிறார் என்று கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். எனக்குச் சேலை கட்டிவிட்டு, கேமராவுக்கு முன்னால் பாடச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து வெள்ளைத் துணியில் அதைப் போட்டுக் காட்டினார்கள்.

ஐயோ... அந்த அலங்கோலத்தை எப்படிச் சொல்வேன்! மழித்த தாடை கறுத்துக் கிடந்தது. குரல்வளை ஏறி இறங்கியது. மண்ணெண்ணெய் விளக்கும் தூரமும் இத்தனை காலம் மறைத்துக் கொடுத்ததையெல்லாம் அந்தக் கேமரா ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிட்டது. முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன்.

அரசி வேடம் ஆரப்பாளையத்துப் பூரணத்துக்குப் போயிற்று. சின்ன நாடகங்களில் தோழி வேடம் கட்டிக்கொண்டிருந்தவள். தகப்பன் இல்லை, தாயும் மகளும்தான். இந்தப் படத்துக்காக நாடகக் கம்பெனியைப் பகைத்துக்கொண்டு வந்திருந்தாள். இது போனால் அவளுக்குத் திரும்பிப் போக இடமில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

எனக்கு என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? காக்காய் விரட்டும் வேலை! அப்போதெல்லாம் சூரிய வெளிச்சத்தில்தான் படம் பிடிப்பார்கள். நடிக்கிற இடத்துக்கு மேலே கூரை இருக்காது. பக்கத்தில் கண்மாய், கரை நெடுகப் புளியமரங்கள், மரமெல்லாம் காக்கை. ஒரு காக்கை கரைந்தால் போதும், மைக் அதையும் சேர்த்து விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தடவை கேமரா சுற்றுவதற்கு முன்னாலும் வானத்தைப் பார்த்து வெறும் வேட்டுப் போட்டுக் காக்கைகளைக் கலைக்க வேண்டும். மதுரையையே அழவைத்தவன் கையில் ஒரு துப்பாக்கி... ஏன் உதறிவிட்டு வரவில்லை என்கிறீர்களா? நாடகக் கொட்டகைகளிலும் படம் காட்டத் திரையைக் கட்டத் தொடங்கிவிட்டார்களே, எங்கே போவேன்?

போதாக்குறைக்கு அவள் வேறு முதல் நாளே என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"உங்களப் பாத்துத்தான்ணே நான் அழுகவே கத்துக்கிட்டேன். சின்னப் பிள்ளையில உங்க நாடகம் ஒண்ணு விட்டதில்ல."

என் வேடம், என் பாட்டு, என் அழுகை... எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கும்பிடு ஒன்றைக் கொடுக்கிறாள்!

மயானக் காட்சி வந்தது. அவளுக்கு அது அமையவே இல்லை. என்னைப் போலவே கண்ணை உருட்டினாள், என்னைப் போலவே மார்பில் அடித்துக்கொண்டாள். டைரக்டர் வங்காளத்துக்காரர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். அச்சு அசலாக என்னைப் போலத்தானே செய்கிறாள், இவன் ஏன் தலையை ஆட்டுகிறான் என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் வேண்டாமென்று தலையாட்டியது அவளிடம் தெரிந்த என் நடிப்பைப் பார்த்துத்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிலிம் வீணாகிக்கொண்டிருந்தது. முதலாளி என்னிடம் வந்து சலித்துக்கொண்டார்.

"இன்னைக்கும் இவளுக்கு அழுகை வரலன்னா வீட்டுக்கு அனுப்பிர வேண்டியதுதான் மாப்ள. அப்பறம் உனக்குத்தான் மறுபடி சேலையக் கட்டித் தூரத்துல நிறுத்தி எடுக்கணும் போல."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் மிஞ்சிய சோற்றை உருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். வழக்கம்போல வேட்டுப் போட்டேன். காக்கைகள் கலைந்தன. செத்தை பொறுக்குகிறவனைப் போலக் குனிந்து, பிள்ளையின் பிணம் என்று துணி சுற்றிக் கிடத்தியிருந்த பொம்மையின் கால்மாட்டில் அந்தச் சோற்றை வைத்தேன். ஒதுங்கி வந்து, எல்லாம் சரி என்று கையை உயர்த்தினேன்.

பூரணம் பாட ஆரம்பித்தாள். இரண்டாவது அடி முடிவதற்குள் முதல் காக்கை இறங்கியது. அடுத்து ஒன்று. அடுத்துக் கூட்டமாக...

ஒலிப்பதிவுக்காரர் பதறிக் கையை ஆட்டினார். ஒழிந்தாள் என்று நினைத்தேன்!

ஆனால் ஒரு காக்கை அந்தப் பொம்மையின் முகத்துத் துணியைக் கொத்தி இழுத்தது. பூரணம் அதைப் பார்த்தாள்.

அவள் அலறவில்லை. பாட்டையும் நிறுத்தவில்லை. ஓடிப்போய் அந்தப் பொம்மையின் மேல் கவிழ்ந்து முந்தானையால் மூடினாள். ஒரு கையால் காக்கைகளை ஓட்டினாள். ராகம் உடைந்தது. "போ... போயிரு... பச்சப் பிள்ள... போயிரு..." என்று ஆரப்பாளையத்துப் பேச்சிலேயே கெஞ்சினாள். அரசியாவது, வசனமாவது! கேமராவுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய முதுகு மட்டும்தான். குனிந்த முதுகும், குலுங்குகிற இரண்டு தோள்களும்.

முதுகைக் காட்டி அழுதாள்! முகமே தெரியாமல் அழுதாள்!

டைரக்டர் 'கட்' சொல்லவில்லை. பிலிம் தீரும் வரை சுற்றவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. என் கண்ணிலும் நின்றது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. என் தொழில் முடிந்துவிட்டது என்று அங்கே நின்றுகொண்டே தெரிந்துகொண்டேன். சபைக்கு முகத்தைக் காட்டுவது நாடகம். இது வேறு ஏதோ ஒன்று. அதை எனக்கு முன்னால் அவள் கண்டுபிடித்துவிட்டாள், அதுவும் நான் வைத்த சோற்றினால்.

முதலாளி சிதறிக் கிடந்த பருக்கைகளைப் பார்த்துவிட்டார்.

"எவன்டா இங்கன சோத்த வச்சது?"

நான் குனிந்து துப்பாக்கியைத் துடைக்கத் தொடங்கினேன். பூரணம் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணேந்தான் வச்சாரு. எனக்கு அழுகை வரலன்னு பாத்துக்கிட்டே இருந்தாருல்ல... நல்லதுக்குத்தான் வச்சாரு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை... அதற்கு அர்த்தம் என்ன? நம்பித்தான் சொன்னாளா? அல்லது எல்லாம் தெரிந்து என்னைக் காப்பாற்றினாளா? எத்தனையோ தடவை கேட்க வாயெடுத்திருக்கிறேன். கேட்டதில்லை.

"அட மாப்ள! இம்புட்டு மூளைய வச்சுக்கிட்டா காக்கா வெரட்டிக்கிட்டு இருந்த?" என்று முதலாளி என் முதுகில் தட்டினார்.

படம் ஓடியது. ஊரெல்லாம் அந்தக் காட்சியைப் பற்றியே பேச்சு. துப்பாக்கி பிடித்த கைக்கு டைரக்டரின் உதவியாளர் வேலை வந்தது. பிறகு டைரக்டர் நாற்காலியே வந்தது. உட்கார்ந்தேன். ஏன் உட்காரக் கூடாது? நீங்களாக இருந்தால் எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருப்பீர்களோ? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

ஆனால் சோறு வைத்தது மட்டும் என் குற்றமல்ல. இன்னொன்றும் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் எனக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். ஒருவர் எழுந்து, அந்த அம்மாள் திரும்பி நின்று அழுதாரே, அந்த யோசனை எப்படி வந்தது என்று என்னிடம் கேட்டார். நான் சற்றும் தயங்கவில்லை. "நான்தான் திரும்பி நிற்கச் சொன்னேன்" என்றேன். காக்கையாவது என்னுடையது. அந்த முதுகு அவளுடையது... அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து. அதையும் எடுத்துக்கொண்டேன்.

பூரணம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள்.

அதற்குப் பிறகு எந்தப் படம் தொடங்கினாலும், முதல் நாள் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுத்தான் மேக்கப் போட உட்காருவாள். அண்ணே காட்டிய வழி என்று எல்லோரிடமும் சொல்வாள். அதுவும் அதிக காலம் இல்லை. யுத்தம் வந்து, பிலிமுக்குக் கட்டுப்பாடு வந்து, கொட்டகை பூட்டிக் கிடந்த வருஷத்தில் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள்.

கருமாதிக்குப் போயிருந்தேன். வைகை மணலில் இலையைப் போட்டுப் பிண்டம் வைத்திருந்தார்கள். நெடுநேரம் ஒரு காக்கையும் இறங்கவில்லை. அவள் தாயார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க கூப்புடுங்க தம்பி. அண்ணே வச்சா காக்கா வராமப் போகாதும்மான்னு சொல்லிக்கிட்டே இருப்பா எம் மக."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அங்கேயே உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம். நான் போனேன். ஒரு பிடி சோற்றை எடுத்து வைத்தேன். "கா... கா..." என்று கூப்பிட்டேன். வராதே என்று மனசுக்குள் மன்றாடினேன். ஒரு தடவையாவது என்னைக் காட்டிக்கொடு என்று கெஞ்சினேன்!

வந்தன. அன்று வந்த மாதிரியே, ஒன்று, அடுத்து ஒன்று, அடுத்துக் கூட்டமாக வந்தன. அந்தத் தாய் கையெடுத்து, காக்கையைக் கும்பிட்டார். பிறகு என்னையும் கும்பிட்டார்.

காக்கைக்குத் தெரிந்தது சோறு ஒன்றுதான். அதில் யாருடைய ஆத்மாவும் இல்லை, யாருடைய மன்னிப்பும் இல்லை. எனக்கு அது வேண்டவும் வேண்டாம்.

அங்கே நின்ற கூட்டம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சபைக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து நின்றேன்.

என் தோள்கள் குலுங்கின என்று அங்கிருந்தவர்கள் யாராவது உங்களிடம் சொன்னால், நம்பாதீர்கள்.