ஓட்டை போடாத குண்டு

வெர்லின் ஹாக்ஸ்டாட் பேசுகிறவன் இல்லை. அமெரிக்காவின் கிழக்கு மொன்டானாவில் அவன் பண்ணையைச் சுற்றி இருபது மைலுக்கு இது ஊரறிந்த சங்கதி. மாட்டுச் சந்தையில்கூடத் தலையை ஆட்டியே பேரத்தை முடித்துவிட்டு வருவான். அவன் வாயைப் பிடுங்கத் தெரிந்த ஒரே ஆள் அவன் பெண்டாட்டி ஐடெல்லா. அதற்கும் அவளுக்கு ஓர் ஓட்டை வேண்டியிருந்தது.

பனிக்காலம் முழுக்க அவன் கயோட்டி வேட்டைக்குப் போவான். நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி என்று சொல்லலாம் அந்தப் பிராணியை; கன்றுகளைக் கடித்துப் போடும், ஆனால் தோலுக்கு நல்ல கிராக்கி. அவனுடைய பழைய துப்பாக்கியின் ஈயமுனைக் குண்டு ஒரு பக்கம் பொட்டு அளவில் நுழைந்து, மறுபக்கம் கைமுட்டி அளவுக்குப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். உரித்த தோலைச் சாப்பாட்டு மேசையில் போட்டு, ஐடெல்லா உட்புறமாக மெழுகு நூலால் தைப்பாள். கை தைக்கும்போது வாய் சும்மா இருக்காது.

"எங்கேய்யா சுட்டே இதை? கண்ணைத் திறந்துக்கிட்டா, மூடிக்கிட்டா?"

சுட்டவனுக்கு ரோஷம் வராதா? சொல்ல ஆரம்பிப்பான். எந்த மேடு, காற்று எந்தப் பக்கம், அதை வரவழைக்க முயல் அலறுவதுபோல் இவன் ஊதுகுழலில் ஊதியதும் அது எந்தப் புதரிலிருந்து எட்டிப் பார்த்தது, எல்லாம் வரும். அவள் சிரித்துக்கொண்டே தைத்து முடிப்பாள். தையல்மேல் விரலை ஓட்டிப் பார்த்து அவன் "ம்" என்பான். அந்த ஒரு "ம்"முக்காக முப்பது வருஷம் தைத்தாள்.

பிறகு அவள் விரல் மூட்டுகள் வீங்கின. ஊசியை இழுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். தைத்து முடித்ததும் கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெர்லின் அதைத் தினமும் பார்த்தான். வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதே அவனுக்கு. ஒரு கோடை முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து குண்டு தேடினான். கெட்டி உறை போட்ட குண்டு சின்ன ஓட்டையோடு போயிற்று. ஆனால் அடிபட்டது ஓடிப்போய் எங்கோ பள்ளத்தில் செத்தது. லேசான குண்டுக்கு வெடிமருந்தைக் கூட்டிப் பார்த்தான். அது தோள் எலும்பில் பட்டு, மேலேயே சிதறித் தோலை நாசம் செய்தது. கடைசியில் குழல் சிறுத்த ஒரு துப்பாக்கி வாங்கினான். அதன் குண்டு நெல்மணியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. விலாவில் நுழைந்தால் உள்ளேயே பொடிப்பொடியாகிவிடும், வெளியே வராது. நுழைந்த இடத்தை மயிரை விலக்கித்தான் தேட வேண்டும்.

முதல் தோலை மேசையில் கொண்டுவந்து போட்டான்.

"பாரு. இனிமே உன் கைக்கு வேலை இல்ல."

அவன் அவளிடம் சொன்னதிலேயே ஆசையான வார்த்தை அதுதான். அவள் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லதுதான் என்றாள். நூல்கண்டை எடுத்து இழுப்பறையில் வைத்தாள்.

அந்தப் பனிக்காலத்தில் அவன் கொட்டகையிலேயே உரித்து, பலகையில் உட்புறம் வெளியே தெரிய மாட்டி, சாப்பிட்டு, படுத்தான். கிழியவில்லை, அதனால் கதையும் இல்லை. அவளாகக் கேட்டாலும் "கிடைச்சுது" என்பதோடு சரி. மறுநாள் அவன் போனபிறகு, பாதி காய்ந்த தோலை மயிர் வெளியே வரத் திருப்பித் தொங்கவிடுவது மட்டும் அவள் பங்கில் மிஞ்சியது.

ஜனவரியில் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"வெர்லின், இன்னைக்கு ஒண்ணு தைச்சேன்."

"என் குண்டு கிழிக்கிறதே இல்லையே. பழைய தோலா இருக்கும்."

இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டான். அட மனுஷா, எழுந்துபோய் ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா? அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிப்ரவரியில் கோழிகளுக்குத் தீனி வைக்கப் போனவள் அங்கேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். அதோடு சரி.

மார்ச்சில் தோல் வாங்கும் லைமன் வந்தான். ஒவ்வொரு தோலுக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது அவன் வழக்கம். ஒன்றில் கை நின்றது. உட்புறத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான்.

"இது குண்டு பட்டது இல்ல, வெர்லின். சுத்தி ரத்தக் கட்டே காணோம். கத்தரிக்கோலால வெட்டி, அப்புறம் தைச்சிருக்கு. நல்ல தோலைப் போய் யாரு இப்படிப் பண்ணுவா?"

அப்படி மூன்று இருந்தன. தையல் கோணல்மாணலாகப் போயிருந்தது; வீங்கிய விரல் இழுத்த நூல்.

மூன்றையும் அவன் விற்கவில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்து மேசையில் விரித்து, அவள் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தான். தையல்மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். "ம்" என்றான்.

அவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. முன்பு அவள் தைத்த தோல்களில் எதைக் கேட்டாலும் மேடும் காற்றும் புதரும் இன்றைக்கும் சொல்வான். இந்த மூன்றை எங்கே சுட்டான்? அடுப்பு அணைந்து வீடு குளிர்கிற வரைக்கும் யோசித்தான். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. யாருக்கும் சொல்லாதது எப்படித் தங்கும்?

"தெரியலையே, ஐடெல்லா," என்றான்.