அரிவாள்மணைக்கு அடியில் போன அம்மன் காசு

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆலங்குடியில் நடந்தது இது. அங்கே எனக்கு ஒரு எலெக்ட்ரிகல் கடை. வயரும் பல்பும் விற்பது பிழைப்பு, பழங்காசு சேர்ப்பது பைத்தியம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். யார் காசைக் காட்டினாலும் நெசமா போலியா என்று நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடுவேன்.

கடைக்கு எதிரே ஒரு அக்கா மீன் விற்பார். கோட்டைப்பட்டினத்திலிருந்து வேனில் வரும் மீன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காசை அவிழ்த்து நீட்டினார்.

"எங்கம்மா குடுத்தது தம்பி. அம்மன் காசுங்குறாக. அடுத்த திங்கக்கெழம மக பள்ளிக்கூடத்துல கண்காட்சி. நெசமுன்னா கொண்டுபோறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. பாத்துச் சொல்லுங்க."

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் புழங்கிய சின்னச் செப்புக்காசுதான் அம்மன் காசு. லென்ஸை வைத்துப் பார்த்தேன். விளிம்பு கோணல்மாணல், அதில் ஒரு வெடிப்பு வேறு. அம்மன் நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கியிருந்தாள்; பாதி உருவம் காசுக்கு வெளியே போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்த என் அம்மன் காசை எடுத்துக் காட்டினேன். வட்டமென்றால் அப்படியொரு வட்டம், நட்டநடுவில் அம்மன். "இதாங்கக்கா நெசம். ஒங்களோடது டூப்ளிகேட்டு" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. நான் அத்தோடு விட்டேனா? அவருடைய அரிவாள்மணை ஒரு மூலையில் ஆடிக்கொண்டே இருக்கும். "இத அடியில வைங்க, ஆட்டம் நிக்கும்" என்றேன். "சாமி இருக்கே தம்பி" என்று தயங்கினார். "டூப்ளிகேட்டுச் சாமிதானக்கா" என்று சொல்லி, கடையிலிருந்து கறுப்பு டேப் கொண்டுவந்து நானே ஒட்டியும் கொடுத்தேன்.

அந்த வாரச் சனிக்கிழமை புதுக்கோட்டையில் ஒரு நாணயக் கண்காட்சி. என் காசைப் பெருமையாக ஒரு வியாபாரியிடம் நீட்டினேன். அவர் லென்ஸ்கூட எடுக்கவில்லை. விளிம்பில் நகத்தை ஓட்டினார்.

"சுத்தி ஒரு கோடு தட்டுப்படுதுங்களா? ரெண்டு அச்சும் சேர்ற எடம். ஊத்துன காசுங்க இது. சுத்தியல்ல அடிச்ச காசு இப்படி அழகா இருக்காது. அடி கொஞ்சம் தவறுனா சாமி ஓரமாப் போயிரும், வெளிம்பு வெடிச்சிரும்."

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். பத்து அம்மன் காசு. பத்திலும் அம்மன் பக்கத்தில் ஒரே இடத்தில் ஒரு சின்னக் குழி. என் காசிலும் அதே இடத்தில் அதே குழி; எல்லாம் ஒரே அச்சில் ஊற்றியவை. என் காசு போனதுகூடப் பெரிதில்லை; அப்படியானால் நெசம் அந்த அக்காவின் காசுதான், அதை அரிவாள்மணைக்கு அடியில் ஒட்டிவைத்தவன் நான்.

ஞாயிறு விடிந்ததும் ஓடினேன். அக்கா டீ குடிக்கப் போயிருந்தார். மீன் செதிலும் தண்ணீருமாகக் கிடந்த தரையில் மண்டியிட்டு, அரிவாள்மணையைப் புரட்டிப் பார்த்தேன். டேப் மட்டும் தொங்கியது, காசைக் காணோம். வாங்க வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன தம்பி தேடுறீக?" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் நிதானமாக முந்தானை முடிச்சை அவிழ்த்தார். காசு அங்கேதான் இருந்தது.

"அன்னைக்கே எடுத்துட்டேன். டூப்ளிகேட்டுன்னாலும் அம்மன் அம்மந்தான தம்பி, மனசு ஒப்பல." பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தார். "அந்த லென்ச வேணா குடுங்க, அடியில வச்சுக்கிறேன். சும்மாதான இருக்கு."

திங்கட்கிழமை கண்காட்சிக்கு அவர் மகள் என் காசையும் கேட்டு வாங்கிப் போனாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் கீழே 'அசல்' என்றும், மற்றதின் கீழே 'போலி, எதிர்க்கடை மாமா கொடுத்தது' என்றும் சீட்டு எழுதி வைத்திருந்தாளாம். அந்தச் சீட்டோடுதான் என் காசு இன்றும் கல்லாவின் மேல் இருக்கிறது. யாராவது காசை நீட்டித் தீர்ப்புக் கேட்டால், முதலில் அந்தச் சீட்டை ஒருதரம் படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.